கை நனைக்காமல் ஒரு நட்சத்திர ஹோட்டலில்

1. புதன்கிழமை மாலை விதைக் கம்பெனி ஆபீஸர் அப்பாவுக்குப் போன் செய்தார். சென்னையில் முன்னோடி விவசாயிகள் கூட்டம், ஐந்து நட்சத்திர ஹோட்டலில் தங்கல், வீட்டு வாசலுக்கே கார் வரும் என்றார். மகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

2. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் முடிவானது: போவது. ஆனால் அங்கே எதையும் சாப்பிடுவதில்லை, எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை.

3. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கார் வந்தது.

4. மதியம் ஹோட்டலுக்குள் நுழைந்தோம். வரவேற்பில் நீட்டிய அட்டையில் அப்பா கையெழுத்துப் போட மறுத்தார்.

5. மாலை ஐந்தே காலிலிருந்து ஐந்து ஐம்பத்தைந்து வரை அப்பா எங்கே இருந்தார் என்பது எனக்குத் தெரியவில்லை.

6. ஞாயிறு காலை பதினொரு மணிக்கு மேடையில் ஒருவர் பொன்னாடையை விரித்தார். அப்பா தலையைக் குனிந்தார்.

7. பதினொன்றே காலுக்குள் அந்தப் படம் எங்கள் ஊர் வாட்ஸ்ஆப் குழுவுக்கு வந்துவிட்டது.

இந்த வரிசையைத் திரும்பும் வழியில் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து போனில் எழுதினேன். வேலைப் பழக்கம். அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் கெமிஸ்டாக இருக்கிறேன். எடுத்த நேரம், எடுத்த இடம், எடுத்தவர் என்று மூன்றும் எழுதாத மாதிரிப் பொட்டலத்தை நாங்கள் தொடவே மாட்டோம். வீட்டு விஷயங்களையும் அப்படியே குறித்துப் பழகிவிட்டேன். அம்மாவுக்கு இது பிடிக்காது. போலீஸ்காரி மாதிரி எழுதாதே என்பாள்.

அந்தப் பருவத்தில் அரும்பாவூர் பக்கத்து எங்கள் ஊரில் முப்பத்தெட்டுப் பேர் ஒரே கம்பெனியின் மக்காச்சோள விதையைப் போட்டிருந்தார்கள். சோளத் தட்டை ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தது. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். கதிரை உரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி, மீதி வெறும் சக்கை. பூக்கும் நேரத்தில் பெய்த மழைதான் காரணம் என்றது கம்பெனி. அதே மழைதான் பக்கத்துக் கொல்லையிலும் பெய்தது. வேறு விதை போட்ட அந்தக் கொல்லையில் கதிர் நிறைந்திருந்தது.

முப்பத்தெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டுப் பெரம்பலூர் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தார்கள். முதல் கையெழுத்து அப்பாவுடையது. வேளாண்மைத் துறையிலிருந்து வந்து கொல்லையில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த அறிக்கைக்காகக் காத்திருந்த நேரத்தில்தான் ஹோட்டல் அழைப்பு வந்தது.

அறிக்கை வருவதற்குள் அப்பா கம்பெனியோடு சமாதானமாகிவிட்டார் என்று ஊர் நினைத்தால், மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். மனு காகிதமாக மட்டும் மிஞ்சும். ஊரில் அப்பாவின் பேச்சுக்கு இருக்கும் மரியாதையும் போய்விடும். இது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். தெரிந்தும் ஏன் போனோம் என்றால், கம்பெனியின் பெரிய அதிகாரிகள் மேடையில் இருப்பார்கள், குறை எதுவானாலும் மைக்கிலேயே சொல்லலாம் என்று அந்த ஆபீஸர் சொல்லியிருந்தார்.

“போவலன்னா பயந்துட்டான்னு சொல்லுவாங்க” என்றார் அப்பா. “போயி நாலு பேருக்கு முன்னால கேட்டுட்டு வந்துடறேன்.”

எனக்கு உறுத்தியது வேறு. என்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள்? நான் கெமிஸ்ட்ரி படித்தது அந்த ஆபீஸருக்கு எப்படித் தெரியும்? போனில் அவர் அதைச் சொன்னாராம். அப்பா அதை ஒரு பெருமையாகத்தான் என்னிடம் சொன்னார்.

சாப்பிடுவதில்லை என்ற முடிவு அம்மாவுடையது. எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போகிற வீட்டில் சம்பந்தம் முடிவாகும்வரை கை நனைக்க மாட்டார்கள். காபி, தண்ணீர் வரைக்கும் சரி. இலை போட்டு உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பங்காளிச் சண்டை, வரப்புத் தகராறு எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். ஒருத்தன் சோற்றைத் தின்றுவிட்டு அவனையே எதிர்த்துப் பேச நாக்கு வராது என்பது அம்மாவின் கட்சி. ஆகவே இரண்டு வேளைக்குப் புளிச்சோறு, ஒரு வேளைக்குத் தயிர்ச்சோறு, ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய். எல்லாம் ஒரு கட்டைப்பையில்.

பெரம்பலூரில் இன்னொருவரும் காரில் ஏறினார். அரியலூர் மாவட்டத்துத் தா.பழூர்க்காரர். அதே கம்பெனியின் நெல் விதையைப் போட்டு ஏமாந்தவர். அங்கிருந்து மனு கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அப்பாவைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அப்பாவுக்கு அண்ணன், எனக்குப் பெரியப்பா என்று கார் தொழுதூரைத் தாண்டுவதற்குள் முறை வைத்தாயிற்று. கட்டைப்பையைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். அப்பா விளக்கினார். அவர் சிரிக்கவில்லை. இப்படிக் கேட்டார்: “அவன் வெதயப் போட்டுத்தான் நாம பட்டினி. அவன் ஊட்டு விருந்துலயும் பட்டினி கெடக்கணுமா தம்பி?”

ஹோட்டல் வாசலில் தலைப்பாகையும் முறுக்கிய மீசையுமாக நின்றவர் கார்க் கதவைத் திறந்து வணக்கம் சொன்னார். அப்பா செருப்பைக் கழற்றப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே முதலில் ஒரு மெஷின். பைகள் அதற்குள் போய் மறுபக்கம் வந்தன. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் கட்டைப்பை வந்தபோது ஒருமுறை நிறுத்தி, தூக்குவாளிகளின் வட்டங்களை உற்றுப் பார்த்தாள். பிறகு அனுப்பிவிட்டாள். எங்களைச் சந்தேகப்படுகிறார்கள் என்று அப்பா என் காதில் சொன்னார். நாமும்தானே அவர்களைச் சந்தேகப்படுகிறோம் என்றேன்.

கூடத்தின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு பூ அலங்காரம். எங்கிருந்தோ லேசான ஒரு வாசனை, எங்கே திரும்பினாலும் அதே அளவில். இது காற்றோடு கலந்து குழாய் வழியாக வருவது என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் பிடிக்கவில்லை. எங்கள் ஆலையில் காற்றில் ஏதாவது வாசனை வந்தால் முதலில் கதவைச் சாத்துவோம்.

வரவேற்பில் இருந்த பெண் ஒரு அட்டையை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னாள். அப்பா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். எதற்குக் கையெழுத்து என்று கேட்டார். தங்குபவர்கள் விவரம்தான் சார் என்றாள். விவரத்தை வாயால் சொல்கிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அட்டையை நான் வாங்கி முன்னும் பின்னும் இருந்த பொடி எழுத்து முழுவதையும் படித்தேன். விதை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சொன்னேன். அப்பா அசையவில்லை. எங்களுக்குப் பின்னால் சூட்கேஸ்களோடு ஒரு வெளிநாட்டுக் குடும்பம் காத்து நின்றது. கடைசியில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு இரண்டு அறைக்கும் அட்டைச் சாவி கொடுத்துவிட்டாள். அவளிடம் எந்தக் குறையும் சொல்ல முடியாது. பெரியப்பா அதற்குள் தன் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தட்டில் வைத்திருந்த எலுமிச்சைச் சாற்றை ஒன்றல்ல, இரண்டு குடித்து முடித்திருந்தார்.

எனக்கு ஒரு அறை, அவர்கள் இருவருக்கும் பக்கத்து அறை. நடுவில் ஒரு கதவு. என் அறைக்கு அந்தப் பக்கம் தங்குவது தான்தான் என்று தெரிந்த பிறகும், கதவைத் தட்டிப் பார்த்துத் தாழ்ப்பாள் இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று அப்பா சோதித்தார். குளியலறைக்கும் படுக்கைக்கும் நடுவில் சுவருக்குப் பதில் கண்ணாடி. குளிக்கிறவரைக் கட்டிலில் இருந்து பார்க்கலாம். யார் யோசித்துக் கட்டியது என்று எனக்குப் புரியவில்லை. திரை இறங்க எங்கேயோ ஒரு சுவிட்ச் இருந்திருக்க வேண்டும். நான் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அப்பா அவர்கள் அறைக் கண்ணாடி முழுவதையும் ஒரு எட்டு முழ வேட்டியால் மறைத்துவிட்டார்.

தயிர்ச்சோற்றை வைப்பதற்காக அறையில் இருந்த சின்ன ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே இருந்த பாட்டில்களை வெளியே எடுக்கப் போனார். நல்லவேளை, பார்த்துவிட்டேன். சில ஹோட்டல்களில் பாட்டிலை நகர்த்தினாலே குடித்ததாகப் பதிவாகிவிடும் என்று எங்கேயோ படித்திருக்கிறேன். அதில் பாதி பீர். பில் கம்பெனிக்குப் போகும். சொன்னதும் பாம்பைத் தொட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டார். தயிர்ச்சோறு தூக்குவாளியோடு குளியல் தொட்டியில், ஒரு சாண் தண்ணீரில் உட்கார்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் தரையில் துண்டை விரித்துப் புளிச்சோறு சாப்பிட்டோம். பெரியப்பா கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, மீன் மட்டும் நாலு தினுசு என்றார்.

நாலரை மணிக்கு என் அறைக்குப் போய்க் குளித்தேன். சீலிங்கில் இருந்த புகை உணர்வி கேமராவாக இருக்குமோ என்று நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். அது புகை உணர்விதான். மறுநாள் மைக்கில் அப்பா சொல்ல வேண்டியவற்றைத் தாளில் எழுதினேன்: எத்தனை ஏக்கர், எந்தத் தேதியில் விதைத்தது, பையில் இருந்த லாட் எண், பக்கத்துக் கொல்லையின் விளைச்சல். ஐந்தே காலுக்கு அதை எடுத்துக்கொண்டு போனபோது அப்பா இல்லை.

“நம்மள வரச் சொன்னானே, அந்த டை கட்டின ஆபீஸர் தம்பி, அவன் வந்து கூட்டிட்டுப் போனான் பாப்பா” என்றார் பெரியப்பா, டிவியில் இருந்து கண்ணை எடுக்காமல்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. கீழே இறங்கிப் போய்ப் பூ அலங்காரத்தைச் சுற்றி வந்தேன். காபி குடிக்கும் இடத்தில் பார்த்தேன். எல்லாரும் அப்பா மாதிரியே வெள்ளைச் சட்டையில் இருந்தார்கள், அப்பாவைத் தவிர. ஐந்து ஐம்பத்தைந்துக்கு லிஃப்டில் இருந்து தனியாக வெளியே வந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டேன். சும்மா காற்று வாங்க என்றார்.

அந்தக் கட்டடத்தில் திறக்கிற ஜன்னல் ஒன்றுகூட இல்லை. வாசலில் கார்ப் புகையும் மார்கழி மூட்டமும்தான். அப்பா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அதனால் அவருக்கு அது சரியாக வரவில்லை. அன்று முழுவதும் ஹோட்டலைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு, அந்த நிமிடத்திலிருந்து ஹோட்டல் ஒரு பொருட்டாக இல்லை. எழுதிய தாளைக் கொடுத்தேன். அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். படிக்கவில்லை.

ஞாயிறு காலை முதல் மாடி ஹாலில் கூட்டம். பல மாவட்டங்களிலிருந்து வந்திருந்தார்கள். மேடையில் பெரிய பேனர், நிறைந்த கதிரோடு. முதல் ஒரு மணி நேரம் திரையில் படம் காட்டினார்கள். பிறகு மாவட்டம் மாவட்டமாகக் கூப்பிட்டார்கள். பெரம்பலூர் என்றதும் அப்பா எழுந்தார். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தபடியே படியேறினார். அதைப் பார்த்து எனக்கு மூச்சு வந்தது. நேராக மைக் பக்கம்தான் போனார்.

கோட்டுப் போட்ட ஒருவர் குறுக்கே வந்தார். கையில் சரிகைப் பொன்னாடை. அதை ஒரு உதறு உதறி விரித்தார்.

இதைப் படிக்கிறவர்கள் எங்கள் பக்கத்துக்காரர்களாக இருந்தால் விளக்க வேண்டியதில்லை. பொன்னாடை விரிந்தால் எங்கள் ஆட்களுக்குக் கழுத்து தானாகக் குனியும். கோயில் கும்பாபிஷேகம், கட்சிக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா, பணி ஓய்வு, எங்கே என்றாலும் சரி. பிடிக்காத ஆளே போர்த்தினாலும் குனிந்து, போர்த்திக்கொண்டு, கும்பிட்டுவிட்டு, பிறகுதான் முறைப்பார்கள். விரித்த துணியைத் தட்டிவிடுவது கைநீட்டி அடிப்பதற்குச் சமம். அப்பாவின் தலை குனிந்தது. துணி தோளில் விழுந்தது. இரண்டு கையும் கும்பிட்டன, தாளோடு சேர்த்து. முன்னால் மூன்று போன்கள் படம் எடுத்தன. நிமிர்ந்து மைக்கைப் பார்த்தபோது அடுத்த மாவட்டத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சாப்பாட்டையும் கையெழுத்தையும் யோசித்த நாங்கள் தோளை யோசிக்கவில்லை.

அடுத்து அரியலூர் என்று இரண்டு முறை கூப்பிட்டார்கள். பெரியப்பா ஹாலிலேயே இல்லை. காலைச் சாப்பாட்டை எடுத்து வைத்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னதால் இன்னொரு தோசைக்கு வரிசையில் நின்றிருந்தாராம். அவருக்குப் படமும் இல்லை, பொன்னாடையும் இல்லை.

பதினொன்றே காலுக்கு அம்மா போன் செய்தாள். எங்கள் ஊர் விதைக் கடைக்காரர் குழுவில் படத்தைப் போட்டிருந்தார். நமது ஊருக்குப் பெருமை என்று கீழே எழுதி, கும்பிடும் கை பொம்மை இரண்டு. முதலில் ஒருவர் வாழ்த்துகள் என்று போட்டார். இரண்டாவது ஆள், எவ்வளவுக்குப் பெருமை என்று கேட்டார். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் எழுதவில்லையாம்.

“ஏதாச்சும் வாங்கிக்கிட்டாரா?” என்று அம்மா கேட்டாள். அவளும்தான் கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்றேன். அன்று நான் சொன்னதிலேயே சுத்தமான உண்மை அதுதான்.

கார் கம்பெனியுடையது, டிரைவரும் கம்பெனி ஆள் என்பதால் வழியில் யாரும் பேசவில்லை. விழுப்புரம் தாண்டி டீக்கு நிறுத்தினார்கள். டிரைவர் உள்ளே போனதும் புளியமரத்தடிக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நான் நேரத்தைச் சொன்னேன். ஐந்தே காலிலிருந்து ஐந்து ஐம்பத்தைந்து வரை.

அந்த ஆபீஸர் மொட்டை மாடி நீச்சல் குளத்துப் பக்கம் கூட்டிப் போனாராம். மனுவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். கம்பெனியின் விதைப் பரிசோதனை லேபில் கெமிஸ்ட் வேலை ஒன்று காலியாக இருக்கிறது, உங்கள் பெண்ணுக்குப் பொருத்தமாக இருக்கும், தூசி கிடையாது, ஏசி, தங்க இடம் என்றாராம். எனக்குப் போன வருடம் மூன்று மாதம் நிற்காமல் இருமல் இருந்தது. அது அவருக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை. விதைக் கடையில் அப்பாவே சொல்லியிருப்பார்.

“என்ன சொன்னீங்க?”

“வேணாம்னுட்டேன்.”

“பின்ன ஏன் காத்து வாங்கப் போனேன்னு சொன்னீங்க?”

அப்பா வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். “வேணாம்னு சொல்றதுக்கு எனக்கு நாப்பது நிமிஷம் ஆச்சும்மா” என்றார். “அத எப்படி உங்கிட்ட சொல்றது?”

அந்த லேப் எந்த ஊரில் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. என்னிடம் அந்த ஆபீஸர் நேரடியாகக் கேட்டிருந்தால் நான் எத்தனை நிமிடம் எடுத்துக்கொண்டிருப்பேன் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது.

பெரியப்பா டீயோடு வந்தார். படத்தை வாங்கிப் பார்த்தார். “தின்னது பூரா நானு, பேரு கெட்டது ஒனக்கு. நீயும் அந்த மீனத் தின்னுருக்கலாம் தம்பி” என்றார். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பெரியப்பா குரலை இறக்கி, ஊருக்குப் போனதும் நீயே முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடு, அவர்கள் கேட்டு நீ சொன்னால் எடுபடாது என்றார். வேலை விஷயத்தையுமா என்று அப்பா கேட்டார். அதைத்தான் முதலில் என்றார்.

திங்கட்கிழமை மாலை பால் சொசைட்டி முன்னால், பால் ஊற்ற வந்தவர்கள் மத்தியில் அப்பா சொன்னார். நான் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றேன். கார், அறை, புளிச்சோறு, பொன்னாடை, வேலை, நாற்பது நிமிடம், ஒன்றையும் விடவில்லை. புளிச்சோறு என்றதும் சிலர் சிரித்தார்கள். வேலை என்றதும் ஒருவர் என்னை மேலும் கீழுமாகப் பார்த்து, “பொண்ணுக்கு எப்பங்க ஆர்டர் வருது?” என்று கேட்டார். அப்பா மற்றவர்கள் பக்கம் திரும்பினார். மனுவில் முதல் கையெழுத்து இனி தன்னுடையதாக இருக்க வேண்டாம், வேறு யாராவது முன்னால் நில்லுங்கள், நான் கடைசியில் நிற்கிறேன் என்றார். யாரும் வேண்டாம் என்று தடுக்கவில்லை. தடுப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

இப்போதைய நிலை இதுதான். அறிக்கை இன்னும் வரவில்லை. மனுவைப் புதிதாக எழுதி மறுபடியும் கொடுத்திருக்கிறார்கள். முப்பத்தெட்டுப் பேரில் இருபத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முதல் பெயர் வடக்குத் தெருவில் ஒரு அக்காவுடையது. அப்பா பெயர் இருபத்தொன்பதாவது. விலகிய ஒன்பது பேரில் நாலு பேர் அப்பாவோடு பேசுவதில்லை. நான் அதே சிமெண்ட் ஆலையில்தான் வேலை செய்கிறேன். கலெக்டர் ஆபீஸில் நடக்கும் அடுத்த குறைதீர்க்கும் கூட்டத்துக்கு எல்லாரும் பஸ்ஸில் போவதாக இருக்கிறார்கள். அப்பாவும் போகிறார்.